தோசைக்கல்லிலிருந்து கல்லாவுக்கு

சிங்கப்பூரில் சிராங்கூன் ரோட்டை ஒட்டிய சந்து ஒன்றில் என் நண்பர் உணவகம் நடத்துகிறார். கடை சின்னது. பின்னால் அடுப்படி, முன்னால் கல்லா. தோசைக்கல்லுக்கும் கல்லாவுக்கும் நடுவே பதினைந்து அடி இருக்கலாம். 2007இல் பட்டுக்கோட்டைப் பக்கத்திலிருந்து வந்து வேறொருவர் கடையில் கல் முன்னால் நின்றவர், சொந்தக் கல்லாவில் உட்கார்ந்தது 2017இல். முழுசாகப் பத்து வருடம். அந்தப் பத்து வருடத்தில் சமையலில் புதிதாகக் கற்றுக்கொண்டது கொஞ்சம்தான் என்று அவரே சொல்வார். ஊரிலிருந்து வரும்போதே கை தேர்ந்த மாஸ்டர் அவர். அப்படியானால் அந்தப் பத்து வருடம் எதற்குப் போனது?

சிறு உணவகங்களுக்குக் கணக்கு எழுதிக் கொடுப்பது என் வேலை. ஊரில் இந்தக் கேள்விக்கு எப்போதும் ஒரே பதில்தான்: உழைப்பு, சிக்கனம், கைமணம். மூன்றும் வேண்டும், சந்தேகமே இல்லை. ஆனால் இந்த மூன்றும் குறைவில்லாமல் இருந்தும், பதினைந்து வருடம் அடுப்பில் வெந்துவிட்டு வெறும் சம்பளக்காரராகவே ஊர் திரும்பியவர்களை நான் நிறையப் பார்த்துவிட்டேன். அவர்களையும் என் நண்பரையும் பிரித்தது சட்டைப்பையில் இருந்த வேலை அனுமதி அட்டை, அதாவது பாஸ். எந்தப் பாஸில் வந்தார், அது எதுவரை போகவிடும் என்பதைப் பேசாமல் ஒரு மாஸ்டர் முதலாளியான கதையைச் சொன்னால், அது பாதிக் கதைதான்.

முதலில் பழைய காலத்தைப் பார்க்கலாம். நார்த் பிரிட்ஜ் ரோட்டில் பிரியாணிக்குப் பேர்போன இஸ்லாமிக் ரெஸ்டாரண்ட் 1921இல் தொடங்கியது. தொடங்கிய அப்துல் ரகுமான், அதற்கு முன் செல்வாக்கான அரபுக் குடும்பமான அல்சகோஃப் வீட்டில் தலைமைச் சமையல்காரராக இருந்தவர். வீட்டுச் சமையல்காரர் கடைக்காரர் ஆனார். சிராங்கூன் ரோட்டின் கோமள விலாஸ் கதையும் அதே மாதிரிதான். அதைத் தொடங்கிய முருகையா ராஜு, ஊரிலிருந்து வந்து ஸ்கந்த விலாஸ் என்ற சாப்பாட்டுக் கடையில் வேலை பார்த்தவர். 1947இல் அந்தக் கடையையே தன் முதலாளியிடமிருந்து வாங்கிப் புதுப் பெயர் வைத்தார். வேலை பார்த்த கடையை விலைக்கு வாங்குவது என்பதை நினைத்துப் பாருங்கள். முதலாளிக்கு வயதாகிறது, நம்பிக்கையான ஆள் அடுப்படியில் நிற்கிறான், அவனிடம் கொஞ்சம் சேமிப்பும் வாடிக்கையாளர் அறிமுகமும் இருக்கின்றன. கை மாறியது. நடுவில் எந்த அலுவலகமும் இல்லை.

அது ஏன் அவ்வளவு எளிதாக இருந்தது? பிரிட்டிஷ் ஆட்சியில் இந்தியாவிலிருந்து சிங்கப்பூர் வருவது, ஆட்சியின் ஒரு பகுதியிலிருந்து இன்னொரு பகுதிக்குப் போவது மாதிரி. நாகப்பட்டினத்தில் ரஜுலா கப்பல் ஏறி வந்து இறங்கியவர், வேலை பார்க்கலாம், வேலையை விடலாம், தட்டுக்கடை போடலாம். தங்கும் உரிமை எந்த முதலாளியின் கையிலும் இல்லை. 1953இல் குடிநுழைவுச் சட்டம் இறுகியது. 1965இல் வந்த சட்டம், குடிமக்கள் அல்லாதவர்களுக்கு வேலை அனுமதியைக் கட்டாயமாக்கியது. அதற்குப் பிறகு வந்த சமையல்காரரின் வாழ்க்கை வேறு கணக்கு. அவர் இங்கே இருப்பதே ஒரு முதலாளி அவருக்காகப் போட்ட விண்ணப்பத்தால்தான். வேலை போனால் இருப்பும் போகும். முதலாளியிடம் போய் "கடையை எனக்கு விற்பீர்களா" என்று கேட்பது இருக்கட்டும், வேறு கடையில் நல்ல சம்பளம் கிடைக்கிறது என்று சொல்லவே யோசிக்க வேண்டிய நிலை.

இனி இன்றைய விதிகள். இதைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்க்க வேண்டும். எல்லாம் இங்கேதான் இருக்கிறது.

சேவைத் துறையில் ஒர்க் பெர்மிட்டுக்கு, அதாவது அடிப்படை வேலைகளுக்கான அனுமதிக்கு, ஆள் எடுக்க எந்த நாடுகள் என்று ஒரு பட்டியல் உண்டு. மலேசியா, சீனா, தென்கொரியா, தைவான் எல்லாம் அதில் நெடுங்காலமாக இருக்கின்றன. இந்தியா இல்லை. கட்டுமானத்துக்கும் கப்பல் பட்டறைக்கும் இந்திய ஊழியர் பெர்மிட்டில் வரலாம், உணவகத்துக்கு வரமுடியாது. ஆகவே தமிழ்நாட்டுச் சமையல்காரரை எடுக்க விரும்பிய கடை, அவருக்கு நடுத்தரத் திறன் ஊழியருக்கான எஸ் பாஸ்தான் போட வேண்டியிருந்தது. 2004இல் எஸ் பாஸ் அறிமுகமானபோது குறைந்தபட்சச் சம்பளம் 1,800 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). என் நண்பர் வந்தது அந்தக் காலத்தில். பிறகு படிப்படியாக ஏறி, 2022 செப்டம்பரில் 3,000, மறு ஆண்டு 3,150, 2025 செப்டம்பரிலிருந்து 3,300 வெள்ளி. அதுவும் இளவயதுக்காரருக்கு. வயது கூடக் கூடத் தொகையும் கூடி, 45 வயதுக்கு மேல் 4,800 வரை போகிறது. சமையல்காரர்களுக்கு இந்த ஏற்பாடு பொருந்துவதே இல்லை என்பது என் கருத்து. கணினித் துறையில் வயதுக்கேற்பச் சம்பளம் ஏறும். அடுப்படியில் இருபது வருட அனுபவம் சேரும்போதுதான் ஒருவர் மாஸ்டர் ஆகிறார், ஆனால் ஒரு சிறு கடை அந்த அனுபவத்துக்கு 4,800 கொடுக்கவும் முடியாது.

கடைகள் ஆளில்லாமல் திணறின. 2023 செப்டம்பர் 1 முதல் இந்திய உணவகங்கள் சமையல்காரர்களை இந்தியாவிலிருந்து ஒர்க் பெர்மிட்டிலும் எடுக்கலாம் என்று மனிதவள அமைச்சு வழிவிட்டது. குறைந்தபட்சச் சம்பளம் 2,000 வெள்ளி, கடையின் மொத்த ஊழியரில் அப்படிப்பட்டவர்கள் 8 விழுக்காட்டுக்கு மேல் கூடாது. 2025 செப்டம்பரில் அந்தச் சமையல்காரர் அனுமதி மற்ற வகை உணவகங்களுக்கும் விரிந்தது. சிராங்கூன் ரோட்டு வட்டாரமான தேக்கா முழுக்க ஒரு பெருமூச்சு கேட்டது. எனக்கும் நிம்மதிதான். என் வாடிக்கையாளர்களில் இரண்டு பேர் கடையை மூடும் யோசனையை அந்த அறிவிப்புக்குப் பிறகுதான் கைவிட்டார்கள்.

ஆனால் வந்து இறங்கும் தம்பியின் பக்கத்திலிருந்து இதைப் பார்த்தால் வேறு ஒன்று தெரிகிறது. எஸ் பாஸில் இருப்பவர் நிரந்தரவாசத்துக்கு விண்ணப்பிக்கலாம். கிடைக்குமா என்பது வேறு, விண்ணப்பிக்கும் தகுதி உண்டு. ஒர்க் பெர்மிட்டில் இருப்பவருக்கு அந்தத் தகுதியே இல்லை. அவர் சொந்தமாகத் தொழில் தொடங்குவதும் பெர்மிட் நிபந்தனைக்கு விரோதம். 2025 ஜூலையிலிருந்து பெர்மிட்டில் இத்தனை வருடம்தான் வேலை பார்க்கலாம் என்ற வரம்பும் போய்விட்டது. 63 வயதுவரை புதுப்பித்துக்கொண்டே இருக்கலாம். அதாவது ஒரு மாஸ்டர் இருபத்தைந்து வயதில் வந்து முப்பத்தெட்டு வருடம் ஒரே அடுப்பில் நிற்கலாம், அந்த அடுப்பை விட்டு ஓர் அடி முன்னால் வர அவருக்கு வழி இருக்காது. முதலாளி அவரை எஸ் பாஸுக்கு உயர்த்தினால் ஒழிய. அதனால்தான் ஊரிலிருந்து யாராவது போன் செய்து "சிங்கப்பூரில் சமையல் வேலை வந்திருக்கிறது, போகலாமா" என்று கேட்டால், சம்பளத்தைக் கேட்பதற்கு முன் பாஸ் என்னவென்று கேட்கச் சொல்கிறேன்.

எஸ் பாஸில் வந்தவருக்கும் சொகுசு ஒன்றும் இல்லை. மனைவி மக்களைக் கூட்டிவர மாதம் 6,000 வெள்ளி நிலையான சம்பளம் வேண்டும். எந்தத் தோசை மாஸ்டருக்கு அந்தச் சம்பளம்? நண்பருக்கு முதல் குழந்தை பிறந்தது ஊரில். அவர் முதன்முதலில் அதைக் கையில் தூக்கியபோது அதற்குப் பதினோரு மாதம். "அப்பா" என்று அவரைக் காட்டினால் போனைத்தான் பார்க்குமாம். 2014இல் நிரந்தரவாசம் கிடைத்த கடிதத்தை அவர் கடைக்கு எடுத்து வந்து எங்களிடம் காட்டவில்லை. அடுப்படிக்குப் பின்னால், வெங்காய மூட்டை மேல் உட்கார்ந்து, முதலில் வீட்டுக்குப் பேசினார். அந்தக் கடிதம் அவருக்குத் தொழில் உரிமம் என்பது அப்புறம்தான். முதலில் அது குடும்பம்.

பாஸில் இருக்கும்போதே குறுக்குவழியில் முதலாளி ஆகப் பார்ப்பவர்கள் உண்டு. குடிமகனோ நிரந்தரவாசியோ ஒருவர் பெயரில் கடை, பணம் மாஸ்டருடையது. இதைப் பற்றி நான் தெளிவாகச் சொல்லியாக வேண்டும். எனக்குத் தெரிந்த பிரியாணி மாஸ்டர் ஒருவர் 35,000 வெள்ளியை, எட்டு வருடச் சேமிப்பை, ஓர் அறிமுகக்காரர் பெயரில் எடுத்த கடையில் போட்டார். எழுத்தில் ஒன்றும் இல்லை, "நமக்குள்ள என்ன தம்பி பேப்பரு" என்ற பேச்சுதான். கடை நன்றாக ஓடியது, அது கண்ணால் பார்த்த விஷயம். இரண்டாம் வருடக் கடைசியில் "நஷ்டம், கடையை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டேன்" என்றார் அந்த ஆள். மாஸ்டர் யாரிடம் போய்ச் சொல்வார்? தான் பங்காளி என்று சொன்னால், பாஸ் நிபந்தனையை மீறினேன் என்று தானே ஒப்புக்கொள்வதாகும். ஊருக்குப் போய்விட்டார். இப்போது ஒரத்தநாட்டில் கல்யாண ஆர்டர் எடுக்கிறார்.

ஒரு தனியார் நிறுவனத்தில் பங்கு வைத்திருப்பது, அதற்கு இயக்குநர் ஆவது, அந்தக் கடையில் நின்று வேலை செய்வது மூன்றும் சட்டத்தின் முன் மூன்று வேறு விஷயங்கள். உள்ளூரில் வசிக்கும் இயக்குநர் ஒருவராவது இருக்க வேண்டும் என்பது நிறுவனச் சட்டம். பாஸ்காரர் என்ன செய்யலாம் என்பது மனிதவள அமைச்சின் நிபந்தனை. தொழில்முனைவோருக்கான ஆண்ட்ரேபாஸ் இருக்கிறதே என்று சிலர் கேட்கிறார்கள். காப்பிக்கடை, உணவங்காடிக் கடை, உணவு நிலையம் போன்ற தொழில்களை அந்தப் பாஸ் பட்டியல் போட்டே ஒதுக்கி வைத்திருக்கிறது. ஆகச் சமையல்காரருக்கு நடைமுறையில் உள்ள நேர்வழி ஒன்றுதான்: எஸ் பாஸ், நிரந்தரவாசம், பிறகு கடை.

சரி, நிரந்தரவாசம் கிடைத்துவிட்டது. எந்தக் கடை?

சிறு உணவுக் கடைகள் வரிசையாக இருக்கும் பொதுக்கூடமான உணவங்காடி நிலையத்தில் தேசிய சுற்றுப்புற வாரியம் ஏலத்துக்கு விடும் கடையைக் குடிமக்களும் நிரந்தரவாசிகளும் எடுக்கலாம். முதலீடு குறைவு. ஆனால் கடைக்காரர் தானே நின்று நடத்த வேண்டும், உள்வாடகைக்கு விடமுடியாது, வெளிநாட்டு ஊழியரை வேலைக்கு வைக்க முடியாது. பரோட்டா தட்ட, கறி கொதிக்க, காசு வாங்க எல்லாவற்றுக்கும் உள்ளூர் ஆட்கள்தான். 2025 ஜனவரியிலிருந்து நீண்டகால வருகை அனுமதி வைத்திருப்பவர்களையும் (உள்ளூர்வாசிகளின் வெளிநாட்டு மனைவி, கணவன் போன்றோர்) உதவியாளராக வைக்கலாம் என்றார்கள். கணவனும் மனைவியும் சேர்ந்து நிற்கும் கடைகளுக்கு இது பெரிய உதவி. தனியார் காப்பிக்கடையில் ஒரு மூலையை வாடகைக்கு எடுப்பது அடுத்த படி. குடியிருப்புப் பேட்டைகளில் நாம் பார்க்கும் பரோட்டாக் கடைகள் பல இப்படித்தான். நண்பர் இந்த இரண்டையும் தாண்டி நேரே கடைவீட்டுக்கு, அதாவது கீழே கடையும் மேலே வீடுமாகக் கட்டிய பழைய கட்டடத்துக்கு, போனார். அது துணிச்சல். எல்லாரும் அப்படிச் செய்ய வேண்டாம் என்றுதான் நான் சொல்வேன்.

கடைவீட்டில் உணவகம் என்றால் முதலில் அந்த இடத்தை உணவகமாகப் பயன்படுத்த அனுமதி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். லிட்டில் இந்தியா 1989 முதல் பாதுகாக்கப்பட்ட வட்டாரம், புகைக்குழாயை நினைத்த இடத்தில் ஏற்றிவிட முடியாது. ஏற்கெனவே உணவகமாக இருந்த இடம் என்றால், முன்னால் இருந்தவர் அடுப்பு, புகைபோக்கி, கழிவுநீரில் எண்ணெயைப் பிடிக்கும் கிரீஸ் டிராப் எல்லாவற்றுக்கும் சேர்த்து டேக் ஓவர் பணம் கேட்பார். பிறகு சிங்கப்பூர் உணவு அமைப்பின் உரிமம், உணவைத் தொடும் ஒவ்வொருவருக்கும் உணவுப் பாதுகாப்புப் பயிற்சி. பயிற்சி தமிழிலும் நடக்கிறது என்பதால் மாஸ்டர்களுக்குச் சிரமம் இல்லை. மலாய் வாடிக்கையாளரையும் அலுவலக விருந்து ஆர்டரையும் பிடிக்க வேண்டுமென்றால் இஸ்லாமிய சமய மன்றமான முயிஸின் ஹலால் சான்றிதழ் வேண்டும். இவை அலைச்சல் பிடித்த வேலைகள், ஆனால் எல்லாம் படிவம், கட்டணம், நாள் கணக்கு. யாரும் இதில் தோற்றுப்போய் நான் பார்த்ததில்லை.

தோற்பது வாடகையில். பெரும்பாலும் மூன்று வருட ஒப்பந்தம். ஒரு கணக்குக்கு, மாத வாடகை 12,000 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். ஒரு நாளைக்கு 400. ஒரு தோசையில் சரக்குச் செலவு போக இரண்டரை வெள்ளி நிற்கிறது என்றால், வாடகைக்கு மட்டும் தினமும் 160 தோசை ஊற்ற வேண்டும். அதற்குப் பிறகு ஊற்றும் தோசைதான் சம்பளத்துக்கு, மின்சாரத்துக்கு, கேஸுக்கு, கடைசியாக வீட்டுக்கு. வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுக்கும் ஆப் மூலம் வரும் ஆர்டர் என்றால் கமிஷன் 30 விழுக்காடு வரை போகும். அங்கே ஒரு தோசை விற்பது கிட்டத்தட்டப் புண்ணியத்துக்குத்தான். 2024 பிப்ரவரியிலிருந்து கடை வாடகை ஒப்பந்தங்களுக்கு ஒரு நடத்தை விதித்தொகுப்பு சட்டமாகியிருக்கிறது. ஒப்பந்தத்தில் நியாயம் கூடியிருக்கிறது. ஆனால் புதுப்பிக்கும்போது வாடகை எவ்வளவு ஏறலாம் என்பதற்கு வரம்பு கிடையாது. மூன்றாம் வருடக் கடைசியில் முதலாளிமார் முகத்தைப் பார்த்தால் ஒப்பந்தத் தேதி தெரிந்துவிடும்.

வியாபாரம் நன்றாகப் போனாலும் ஒரு மேடு இருக்கிறது. வருட விற்பனை பத்து லட்சம் வெள்ளியைத் தாண்டினால் பொருள் சேவை வரிக்குப் பதிய வேண்டும். நாள் கணக்கில் சுமார் 2,740 வெள்ளி. வரி இப்போது 9 விழுக்காடு. எதிர்க்கடையில் வரி இல்லாமல் அதே சாப்பாடு கிடைக்கும்போது, நம் கடை விலையை ஏற்றுவதா, கையிலிருந்து கட்டுவதா? இந்தக் கேள்வியோடு என்னிடம் வரும் மாஸ்டர்-முதலாளிகள், பெரும்பாலும் அந்தக் கோட்டைத் தாண்டிய பிறகுதான் வருகிறார்கள்.

இப்போது நான் மிகவும் சொல்ல விரும்பும் விஷயத்துக்கு வருகிறேன். நண்பர் கடை திறந்த ஆறாவது மாதம். அவர் காலையில் சாமான் வாங்கப் போயிருந்தால் ஒரு ருசி, அடுப்படியில் இருந்தால் ஒரு ருசி. வழக்கமாக வரும் ஒரு பெரியவர் சாம்பாரை ஒரு வாய் வைத்துவிட்டு, "இன்னைக்கு அண்ணன் உள்ள இல்லையோ?" என்று கேட்டார். அன்று மாலை நான் முஸ்தபாவில் ஒரு மின்தராசு வாங்கிக்கொண்டு போனேன். மூன்றரை மணி, கடை ஓய்ந்திருந்த நேரம். பரோட்டா மாவு பிசையப் போகிறார். பத்து கிலோ மைதாவுக்கு நாலு கை உப்பு, அது அவர் கணக்கு. "ஒரு கை எடுத்து இதில் போடுங்கள்" என்றேன். 42 கிராம். மறுபடி. 41. மறுபடி. 42. எனக்கு உடம்பு சிலிர்த்தது. முப்பது வருடக் கை அது, தராசு அதற்குச் சாட்சி சொல்கிறது. பிறகு உதவிக்கு இருந்த தம்பியை எடுக்கச் சொன்னோம். 29. 37. 31. நாலு கைக்கு நாற்பது கிராம் குறைகிறது.

எழுதிவைக்கலாம் என்றபோது அவருக்கு மனமில்லை. "எழுதிட்டா அப்புறம் நான் எதுக்கு?" என்றார். அந்தக் கேள்வியை நான் வெகுநாள் யோசித்திருக்கிறேன். சம்பளத்துக்கு நின்ற பத்து வருடத்தில் அவருக்கு இருந்த ஒரே பாதுகாப்பு, அந்தக் கையின் அளவு வேறு யாருக்கும் தெரியாது என்பது. பாஸ் முதலாளியிடம், ருசி தன்னிடம். மசாலா அரைக்கும்போது கதவைச் சாத்திக்கொள்ளும் மாஸ்டர்களைப் பற்றி முதலாளிகள் குறை சொல்வதுண்டு. நான் சொல்லமாட்டேன். அவர்கள் அப்படி இருந்ததில் நியாயம் இருந்தது. ஆனால் எந்தப் பழக்கம் சம்பளக்காரரைக் காப்பாற்றியதோ, அதுவே முதலாளியை அடுப்படியிலேயே கட்டிப்போடும். அவர் இல்லாத நாளில் கடை பாதிக் கடை என்றால், அவருக்கு இன்னும் ஒரு வேலைதான் கிடைத்திருக்கிறது, கடை கிடைக்கவில்லை. இரண்டு வாரம் கழித்து அவரே ஒரு நீளக் கணக்குநோட்டு வாங்கி வந்தார். முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி, அடுத்து "பரோட்டா மாவு, 10 கிலோ, உப்பு 168 கிராம்". இன்று அதில் அறுபது பக்கத்துக்கு மேல் இருக்கிறது.

சமையல்காரர் முதலாளியாவதில் இன்னொரு பாதியும் உண்டு, தட்டைப் பார்ப்பதிலிருந்து சாப்பிடுபவரைப் பார்ப்பதற்கு மாறுவது. இதற்குச் சிங்கப்பூரிலேயே பழைய எடுத்துக்காட்டு மீன் தலைக் கறி. கேரளத்துக்காரரான எம்.ஜே. கோமஸ் 1949இல் சோஃபியா ரோட்டில் கடை வைத்திருந்தபோது, சீனர்கள் மீன் தலையை எவ்வளவு விரும்புகிறார்கள் என்று கவனித்து, அதைத் தன் ஊர்க் குழம்பில் போட்டார். பிறகு 1969இல் முத்தூஸ் கறி, 1974இல் பனானா லீஃப் அப்போலோ என்று உணவகங்கள் வந்து, அந்தக் கறிக்கே ரேஸ் கோர்ஸ் ரோடு பேர் வாங்கியது. மீன் கடைக்காரர் மலிவாகக் கொடுத்த தலைதான், அதை யார் விரும்புவார் என்று பார்த்த கண் ஒரு கடைக்காரரின் கண்.

உயர்தர உணவகங்களின் பாதை கொஞ்சம் வேறு. பினாங்கிலிருந்து வந்த மனோ தேவர் இங்கே பெயர்பெற்ற பிரெஞ்சு, ஜப்பானிய பாணி உணவகங்களின் அடுப்படிகளில் வேலை பார்த்துவிட்டு, 2018இல் கியோங் சாய்க் ரோட்டில் தன் குடும்பப் பெயரிலேயே "தேவர்" உணவகத்தைத் தொடங்கினார். 2021இல் ஒரு மிஷலின் நட்சத்திரம், 2022இல் இரண்டாவது. அவருக்குப் பின்னால் முதலீடு செய்ய ஓர் உணவக, விடுதிக் குழுமம் இருந்தது. இடம், உரிமம், கணக்கு எல்லாம் தெரிந்த பங்காளி, சமையல் தெரிந்த பங்காளி, இருவருக்கும் எழுத்தில் ஒப்பந்தம். தேக்கா மாஸ்டர்கள் இதைத் தங்களுக்குச் சம்பந்தமில்லாத உலகமாக நினைக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. 35,000 வெள்ளியை இழந்த அந்தப் பிரியாணி மாஸ்டர் தேடியதும் ஒரு பங்காளியைத்தான்.

2020ஐச் சொல்லாமல் இந்தக் கதையை முடிக்க முடியாது. ஏப்ரல் 7 முதல் ஜூன் 1 வரை கொரோனாவுக்கான முடக்கம், நோய்ப்பரவல் முறியடிப்புத் திட்டம். ஜூன் 18 வரை கடையில் உட்கார்ந்து சாப்பிட அனுமதி இல்லை. மற்ற வட்டாரங்களுக்கு அதற்குப் பிறகு கூட்டம் மெல்லத் திரும்பியது. சிராங்கூன் ரோட்டுக்கு அப்படித் திரும்பவில்லை. இங்கே ஞாயிற்றுக்கிழமை வியாபாரம் தங்குவிடுதிகளில் இருக்கும் வெளிநாட்டு ஊழியர்களால் நடப்பது, அவர்கள் பழையபடி தேக்காவுக்கு வர இரண்டு வருடத்துக்கு மேல் ஆனது. அந்த நாட்களில் நண்பர் தாக்குப்பிடித்தது மூன்று காரணத்தால்: வாடகைத் தள்ளுபடி, அரசாங்கத்தின் சம்பள உதவி, அப்புறம் அந்த நோட்டு. ஆள் குறைந்தபோது இருப்பவர் யாரானாலும் நோட்டைப் பார்த்து மாவு பிசைய முடிந்தது. அவர் வேனில் பொட்டலம் கொண்டுபோனார்.

இப்போது அவர் கல்லாவில் இருக்கிறார், விண்ணப்பம் போடுவது அவர் கையில். சேவைத் துறையில் வெளிநாட்டு ஊழியர் மொத்த ஊழியரில் 35 விழுக்காடு வரைதான், எஸ் பாஸ் மொத்த ஊழியரில் 10 விழுக்காடு வரைதான். கணக்கு எளிது. ஒரு எஸ் பாஸ் போட வேண்டுமானால் ஒன்பது உள்ளூர் ஊழியர்கள் வேண்டும். ஒருவருக்கு மாதம் குறிப்பிட்ட ஒரு தொகையாவது (2024 ஜூலையில் அது 1,600 வெள்ளி ஆனது) கொடுத்தால்தான் அவர் முழு ஆளாகக் கணக்கில் வருவார், அதில் பாதி கொடுத்தால் அரை ஆள். எஸ் பாஸுக்கு முதலாளி அரசாங்கத்துக்குக் கட்டும் மாதம் 650 வெள்ளி தீர்வை வேறு. மசேநிதி (மத்திய சேமநிதி), முழுச் சம்பளம், பொறுப்பு என்று எட்டு உள்ளூர்க்காரர்களை ஒரு சிறு உணவகம் வைத்திருப்பதே பெரிய காரியம்.

போன மாதம் கணக்குப் புத்தகம் வாங்கப் போயிருந்தேன். ஒரு வருடம் முன்பு, கடையில் ஆட்கள் கூடுதலாக இருந்தபோது, பெர்மிட்டில் வந்த தம்பி, மன்னார்குடிப் பையன், கல்லில் நின்றிருந்தான். கூட்டம் குறைந்ததும் கையைத் துடைத்துக்கொண்டு கல்லா பக்கம் வந்தான்.

"அண்ணே, அடுத்த வருஷம் எனக்கு எஸ் பாஸ் போடுவீங்களா?"

நண்பர் உடனே பதில் சொல்லவில்லை. விரலை மடக்கினார். கல்லாவில் அக்கா ஒருவர், பாத்திரம் கழுவும் இரண்டு பாட்டிகளும் அரை நாள் என்பதால் அவர்கள் சேர்ந்து ஒருவர், மேசைக்கு மூவர், மாலையில் படிக்கிற பையன்கள் இருவர் சேர்ந்து ஒருவர், வேன் ஓட்டுபவர், பிறகு அவர் மனைவி. எட்டு. இன்னொரு தடவை எண்ணினார். எட்டுதான்.

"இன்னும் ஒரு ஆள் வேணும்டா" என்றார். தம்பி தலையாட்டிவிட்டுக் கல்லுக்குத் திரும்பினான். நான் வெளியே வந்தபோது, "வேலைக்கு ஆள் தேவை, உள்ளூர்வாசிகள் மட்டும்" என்ற அட்டையை நண்பர் வாசல் கண்ணாடியில் கண்ணுக்குப் படுகிற உயரத்துக்கு மாற்றி ஒட்டிக்கொண்டிருந்தார்.